மருத்துவச்சி லிக்காவுக்குக் காவல் இருந்தவன்

கோதுமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது மருத்துவச்சி லிக்கா செத்துப்போனாள். வயலுக்குச் செய்தி வந்தபோது யாரும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "சூனியக்காரிக்கும் சாவு வருமா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் கிரானோன் ஊரில் மட்டுமல்ல, தெசாலி நாடு முழுக்கவே பிணத்தைத் தனியாக விடுகிற வழக்கம் கிடையாது. நிலாவைத் தரைக்கு இறக்கத் தெரிந்த சூனியக்காரிகள் எங்கள் மலைகளில் உண்டு. அவர்களுக்குப் பிணத்தின் மூக்கு வேண்டும், காது வேண்டும், முடி வேண்டும், நகம் வேண்டும். பறவையாக வருவார்கள், ஈயாக வருவார்கள், அழுகிற சொந்தக்காரியாகவும் வருவார்கள். அதனால் உயிர் போனதிலிருந்து மூன்றாம் நாள் விடியலில் பாடை கிளம்பும்வரை கண் அசராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் பெத்தலோஸ்.

பெத்தலோஸ் எங்கள் பக்கத்து வீடு. முன்பு லாரிஸா நகரத்துக்கு வண்டி ஓட்டியவன். கோவேறு கழுதை உதைத்து இடது முழங்கால் போன பிறகு காவல் வேலைக்கு வந்தான். பதினோரு வருஷம். அவன் காவலில் ஒரு பிணத்துக்குப் புருவமுடிகூடக் குறைந்ததில்லை. தூக்கம் சொக்கினால் வெங்காயத்தை நறுக்கிக் கண்ணருகே வைத்துக்கொள்வான். அழுகைக்கும் அது வசதி என்று சொல்லிச் சிரிப்பான். வீட்டில் அவனும் அவன் மனைவி அதேயாவும் மட்டும்தான். பிள்ளைகள் மூன்று பிறந்தன. மூன்றும் ஒன்பது நாள் தாண்டவில்லை.

அன்று மத்தியானம் லிக்காவின் மகள் நிகாசோ அவன் வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு, முழங்கைவரை அம்மாவைக் குளிப்பாட்டிய ஈரம்.

"அண்ணே, அம்மாவுக்குக் காவலுக்கு வரணும். நாலு பேர்கிட்டக் கேட்டுட்டேன். மாட்டேங்கிறாங்க."

"என்ன சொல்றாங்க?"

"சூனியக்காரிய சூனியக்காரிகிட்டேருந்து காப்பாத்துறதான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க."

பெத்தலோஸ் அடித்தொண்டையில் ஏதோ திட்டினான். இந்த ஊரில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் லிக்கா. அவன் பிள்ளைகள் மூன்றையும் அவள்தான் பிறக்க வைத்தாள். மூன்றும் போனபோது அவனோடு சேர்ந்து அழுத ஒரே ஆளும் அவள்தான். ஆனாலும் அவன் தயங்கினான். அவளுக்குக் காவல் இருந்துவிட்டால் அடுத்த சாவு வீட்டுக்கு அவனைக் கூப்பிடுவார்களா என்ற பயம்.

உள்ளேயிருந்து அதேயாவின் குரல் வந்தது. "என்ன யோசனை? போங்க. நீங்க போகாம வேற யார் போவா?"

அவன் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

காவல் தொடங்கும்போது ஏழு சாட்சிகள் பிணத்தில் எதுவும் குறையவில்லை என்று பார்த்துச் சொல்லிவிட வேண்டும். ஊர்த்தலைவர் அலேவாஸ் வாசலோடு நின்றுகொண்டார். அவர் மனைவி பிலின்னாவும் இன்னும் சில பெண்களும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். மூக்கு சரி, காது இரண்டும் சரி, விரல் பத்தும் நகத்தோடு சரி, முடி இரண்டு பின்னல், இடுப்பைத் தொடும் நீளம். மூன்றாம் நாள் விடியலில் இதையே திரும்பப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் காவல்காரனுக்குப் பாதித் தலையும் பாதித் தாடியும் மழித்து, சந்தைக் கல்லின்மேல் பொழுது சாயும்வரை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு அவன் எந்தச் சாவு வீட்டுப் படியும் ஏற முடியாது.

பெத்தலோஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். யாரும் வரப்போவதில்லை, அமைதியாக இரண்டு நாள் போய்விடும் என்றுதான் நினைத்தான்.

ஊரே வந்தது.

முதலில் வந்தவள் பிலின்னாதான். சற்றுமுன் சாட்சியாக வந்து போனவள், தேன் அப்பம் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அழுதபடியே திரும்பி வந்தாள். கட்டிலின் தலைமாட்டில் குனிந்தாள். பெத்தலோஸ் அவள் மணிக்கட்டைத் தடியால் லேசாகத் தொட்டான். கையில் ஆட்டுமுடி வெட்டுகிற சின்னக் கத்தரி.

"அம்மா, என்ன இது?"

"மெதுவாப் பேசுய்யா. ஒரே ஒரு முடி. என் மருமகளுக்குக் கரு தங்க மாட்டேங்குது. இவ முடிய இடுப்புல கட்டினா தங்குமாம்."

"சாட்சி சொல்லப்போறதே நீங்கதானே!"

"அதனாலதான் சொல்றேன். நான் எண்ணுறப்ப ஒரு முடி கூடக்குறைய இருந்தா என்ன?"

"வெளிய போங்க."

"என்ன திமிரு! நொண்டிக்கு வந்த வாழ்வப் பாரு," என்று சொல்லிவிட்டு அப்பத்தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து வைத்தியர் மெனோன். இருபது வருஷமாக லிக்காவைச் சூனியக்காரி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, தொண்டையைச் செருமினார்.

"பெத்தலோஸ், நீ விவரம் தெரிஞ்சவன். ஒரு பல்லு மட்டும் வேணும். மந்திரத்துக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு."

"பல்ல வச்சு என்னத்த ஆராய்வீங்க?"

"அது உனக்குப் புரியாது."

"புரியாதவன்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

பிறகு குதிரை வளர்க்கிறவன் ஒருத்தன் அவள் இடுப்புக்கச்சையின் நூலுக்கு வந்தான். அவன் குதிரை ஓடவில்லையாம். காதலன் கைவிட்ட ஒரு பெண் நகத்துக்கு வந்தாள். உள்ளே வர வெட்கப்பட்ட இரண்டு பேர் பின்சுவர் ஓட்டை வழியாகக் குச்சியை விட்டுத் துழாவினார்கள். ஒருத்தி பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு புரண்டு புரண்டு அழுதாள்; கவனித்துப் பார்த்தால் கால் கட்டைவிரலைக் கடிக்கிறாள். பெத்தலோஸ் அவள் முந்தானையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே விட்டான்.

நானும் போனேன். என் கணவர் வனைகிற பானைகள் அந்த வருஷம் சூளையில் வெடித்துக்கொண்டே இருந்தன. அவள் உடம்பு துடைத்த துணியில் ஒரு கிழிசல் கிடைத்தால் போதும் என்று போனேன். பெத்தலோஸ் என்னைப் பார்த்தான். "நீங்களுமா, மதினி?" என்றான். அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. தடியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றவர்களை எல்லாம் தெருவரைக்கும் விரட்டினான். நிகாசோதான் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, விரட்டாதீங்க. நாளன்னைக்குப் பாடை தூக்க நாலு பேர் வேணும். இவங்களவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"திருடவிடச் சொல்றியா?"

"திருடவும் விடாதீங்க. விரட்டவும் விரட்டாதீங்க."

"அது எப்படிம்மா?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று அவள் கத்தினாள். "உசுரோட இருக்கிறப்ப என் அம்மா கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. பிள்ளை பொறந்ததும் அவ நின்ன எடத்தக் கழுவிவிடுவாங்க. இப்ப அவ நகம் வேணுமாம், பல்லு வேணுமாம்!" கோபத்தில் அழுகைகூட அவளுக்குச் சரியாக வரவில்லை.

இரவு அப்படியே போனது. பறவை எதுவும் வரவில்லை. விளக்கைச் சுற்றி ஒரு விட்டில் பறந்ததற்கே அவன் எழுந்து நின்றுகொண்டானாம்.

மறுநாளும் அதே கூத்து. சிரித்த முகத்தோடு ஒவ்வொருவரிடமும் "வாங்க, தள்ளி நில்லுங்க, கையக் காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அவன் தாடை வலித்தது. மத்தியானத்துக்கு மேல் அதேயா வாற்கோதுமை ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து அவன் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. வயிறு முட்டிக்கொண்டு நின்றது. நிகாசோ கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

"ஏ புள்ள, ரெண்டு நிமிஷம் பாத்துக்க. ஒருத்தரையும் கிட்ட விடாத. கொல்லைப்பக்கம் போயிட்டு வந்துர்றேன்."

"போங்க, நான் பாத்துக்கிறேன்."

அவன் போய்விட்டு வந்தான். அதேயா முக்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவன் கண்ணில் பட்டது. இடது பின்னல் வலது பின்னலைவிட நாலு விரற்கடை குட்டை. நுனியில் அதே கறுப்பு நூலை அழகாகத் திரும்பக் கட்டியிருந்தது. முடிச்சுக்கு மேல் முடிச்சு, நடுவில் ஒரு சின்ன வளையம். அவன் சட்டைக்கு அதேயா போடுகிற முடிச்சு.

பெத்தலோசுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. எழுந்து ஓட வேண்டும், வீட்டுக் கதவை உடைக்க வேண்டும். ஆனால் எழுந்திருக்க முடியாது; எழுந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். ஏற்கெனவே திருட்டுப்போன பிணத்துக்குக் காவலாக அவன் அந்த முக்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

தெருவில் போன என்னைக் கூப்பிட்டான். "மதினி, அதேயாவ உடனே வரச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். தலைவலிக்கிறது என்றாள். திரும்பி வந்து சொன்னேன். "தலை இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரச் சொல்லுங்க!" என்றான். மறுபடி போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். எனக்கு வாசலைவிட்டு நகர மனமில்லை. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"குடு," என்றான்.

"எத?"

"அதேயா, விளையாடாத. விடிஞ்சா எண்ணுவாங்க. குடு, தச்சு வச்சிர்றேன்."

"குடுக்க மாட்டேன்."

"என் பொழப்பு போயிடும்டி! பதினோரு வருஷம்!"

"எனக்கு மூணாவது மாசம்," என்றாள்.



"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் சொன்ன அன்னைக்கே தொட்டில் செய்ய ஒக்காந்துருவீங்க. அந்தத் தொட்டில உடைச்சு அடுப்புல வைக்கிறது நான்தானே. லிக்கா அக்காவுக்கு மட்டும் தெரியும். வாசப்படிக்குக் கீழ வைக்க ஏதாச்சும் குடுங்கன்னு உசுரோட இருக்கிறப்பவே கேட்டேன். சிரிச்சாங்க. அப்படி ஒரு சக்தி எங்கிட்ட இருந்தா உன் மூணு பிள்ளையையும் விட்டிருப்பேனா பைத்தியக்காரின்னு கேட்டாங்க."

"அப்ப அவங்க வாயாலயே இல்லன்னு சொல்லிட்டாங்களே! அப்புறம் எதுக்கு வெட்டின?"

"ஏதாச்சும் செய்யணும்ல. சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா? ஊர்ப் பொணத்துக்கெல்லாம் காவல் இருந்தீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு யாரு இருந்தா?"

"நான்தான்டி இருந்தேன்!" என்றான். "மூணுக்கும் ராத்திரி ராத்திரியா நான்தானே கண்ணு முழிச்சேன்!"

"இருந்தும் போயிருச்சே," என்றாள் அதேயா.

அவள் வெளியே வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பின்னல் துண்டு அவளிடமே இருந்தது.

விடியலில் அலேவாஸ் சாட்சிகளோடு வந்தார். வைத்தியர், குதிரைக்காரன், குச்சி விட்டவர்கள் எல்லாரும் வாசலில் கூடினார்கள். பெண்கள் உள்ளே போவதற்கு முன்னாலேயே பெத்தலோஸ் நிகாசோவிடம் சொல்லியிருந்தான். "என் காவல்ல போயிருச்சும்மா. இடது பின்னல்ல நாலு விரற்கடை." அவள் அவனைப் பார்த்த பார்வையை அவன் வெகுநாள் மறக்கவில்லை. "உங்கள நம்பித்தானே வந்தேன்," என்று மட்டும் சொன்னாள். யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிலின்னா பின்னலைக் கையில் எடுத்து அளந்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் வேறு யாருக்கோ கிடைத்துவிட்டதே என்ற ஏமாற்றம். அடுத்த நொடி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். "முடி கொறையுது! அநியாயம்! பொணத்த வித்துட்டான்!"

வாசலில் கூச்சல் எழுந்தது. முந்தின இரண்டு நாளும் கத்தரியோடும் குச்சியோடும் வந்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். வைத்தியர் மெனோன் கையை உயர்த்தி அடக்கினார்.

"பொறுங்க. மலைக்காரிங்க வந்தா மனுஷன் என்ன செய்ய முடியும்? பெத்தலோஸ், பறவை ஏதும் வந்துச்சா? ஆமான்னு சொல்லு. சூனியம்னா தண்டனை பாதிதான்."

நல்ல வழிதான். தலையாட்டினால் போதும். ஆனால் அவனுக்கு முன்னால் இருந்த காவல்காரன் ஒருமுறை இப்படித் தலையாட்டியபோது, பொழுது சாய்வதற்குள் மேலத்தெருக் கிழவி ஒருத்தியைக் கல்லால் அடித்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள். இன்றைக்கு யாரைத் தேடுவார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். லிக்காவின் மகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பறவை வரல," என்றான் பெத்தலோஸ். "ஈயும் வரல. மனுஷங்கதான் வந்தாங்க. ரெண்டு நாளா வந்துக்கிட்டே இருந்தாங்க. யார் யாரு, என்னென்ன கையில கொண்டாந்தாங்கன்னு வரிசையாச் சொல்லட்டுமா?"

பிலின்னா கணவர் முகத்தைப் பார்த்தாள். அலேவாஸ் அவசரமாக, "போதும், போதும். தப்ப ஒத்துக்கிட்டான். பாடைய எடுங்க," என்றார்.

பாடையை எடுக்க ஆள் வரவில்லை. நிகாசோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் கணவர் போனார், கொல்லன் ஒருத்தன் போனான், எங்கள் சொந்தக்கார இளைஞன் ஒருத்தன் போனான். நாலாவது மூலைக்கு யாரும் இல்லை. பெத்தலோஸ் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தோள் கொடுத்தான். நொண்டிக் காலால் பாடை ஒரு பக்கமாகவே ஆடிக்கொண்டு போனது. கல்லறைவரைக்கும் நிகாசோ அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரும்பி வந்ததும் மழித்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்போது அவன் சந்தைக் கல்லின்மேல் நின்றான், பாதித் தலையும் பாதித் தாடியுமாக. அறுப்புக் காலமாக இருந்தும் வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவனுக்கு அவமானத்தைவிட எரிச்சல்தான் அதிகம். உண்மையைச் சொன்னால் மனைவி போவாள். பொய்யைச் சொன்னால் நிகாசோ போவாள். வாயை மூடினால் அவன் போகிறான். மூன்றாவதுதான் கைக்கு எட்டியது.

கொஞ்ச நேரத்தில் அதேயா ஒரு குடம் தண்ணீரோடு வந்து கல்லுக்குக் கீழே நின்றாள். குவளையை நீட்டினாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் போகவில்லை. தலைக்கு மேல் வெயில், வயிற்றில் மூன்று மாதம், அப்படியே நின்றாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுத்துத் தொலை. நீ விழுந்துறாத," என்றான். இரண்டு குவளை குடித்தான்.

குளிர்காலத்தில் அதேயாவுக்கு வலி எடுத்தது. கூப்பிட வாயில்லாமல் பெத்தலோஸ் நிகாசோவின் வாசலில் போய் நின்றான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு நடந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் அதேயாவின் கூடவே இருந்தாள். பெண் குழந்தை. பிறந்தபோது அழவில்லை. நிகாசோ அதன் வாயை விரலால் துழாவி, தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தேய்த்து, தன் வாயால் ஊதி, என்னென்னவோ செய்தாள். பிறகு அழுதது. ஒன்பது நாள் தாண்டியது. பத்தாம் நாள் பெயர் வைத்தார்கள்.

வாசப்படிக்குக் கீழே புதைத்ததுதான் காப்பாற்றியது என்கிறாள் அதேயா. "நிகாசோவோட கை காப்பாத்துச்சுடி, அந்த முடியா வந்து ஊதுச்சு?" என்பான் அவன். "நீங்க வெளிய இருந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" என்பாள் அவள். எனக்குத் தெரிந்து அந்தச் சண்டையில் அவன் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நிகாசோ வசந்தத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினாள். அவள் நின்ற இடத்தையும் ஊர் கழுவிவிட ஆரம்பித்திருந்தது. பெத்தலோஸ் ஒரு வண்டியும் கிழட்டுக் கோவேறு கழுதையும் இரவல் வாங்கி அவள் சாமான்களை லாரிஸாவுக்குக் கொண்டுபோய் இறக்கினான். இறங்கும்போதுதான் அவள் அவனிடம் பேசினாள். "யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. அந்த முடிச்ச நானும் பாத்தேன்." அவன் கழுதையைத் திட்டினானாம்.

இப்போது எங்கள் ஊரில் மருத்துவச்சி கிடையாது. வலி எடுத்தால் லாரிஸாவுக்குத்தான் போக வேண்டும், வண்டியில் அரை நாள். அந்தப் பாதையைப் பெத்தலோஸ் அளவுக்கு அறிந்தவன் வேறு யாரும் இல்லை என்பதால் அதுவே அவன் பிழைப்பாகிவிட்டது. போன வாரம் பிலின்னாவின் மருமகளை ஏற்றிக்கொண்டு போனான். பிலின்னாவும் கூட ஏறிக்கொண்டாள். ஊர் எல்லைவரைக்கும் எனக்கு அவள் குரல் கேட்டது.

"ஏய்யா, பள்ளம் பாத்து ஓட்ட மாட்டியா? குலுங்குது பாரு!"

"கனம் கூட இருக்கு, அதான் குலுங்குது," என்றான் பெத்தலோஸ். "நீங்க எறங்கி நடங்க, சரியாயிரும்."